மதுரையிலிருந்து லண்டன்: தூரம் 8,360 கிலோமீட்டர், நேரம் எத்தனை மணி?

போன ஜூனில் நானும் என் மனைவியும் மகளின் பிரசவத்துக்காக லண்டன் கிளம்பினோம். திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டுக் கதவைத் தட்டும் வரை 52 மணி நேரம் ஆனது. பேத்தி பிறந்த செய்தி எங்களுக்கு மும்பையில் ஒரு விடுதி அறையில்தான் வந்தது. இந்த ஆண்டு பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு மறுபடி போனோம். அதே வீட்டிலிருந்து அதே வீட்டுக்கு 26 மணி நேரம். இந்த இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க முதல்முறை போகிற அப்பா அம்மாக்களுக்கும், அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகளுக்கும் இது.

1. தூரத்தைப் பாருங்கள், அதை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள்

மதுரை விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்கோட்டில் சுமார் 8,360 கி.மீ. மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, நடுவில் எங்காவது மாறியே ஆக வேண்டும். எங்கே மாறினால் எவ்வளவு தூரம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்:

மும்பை வழி: 1,170 + 7,210 = சுமார் 8,380 கி.மீ.
துபாய் வழி: 2,950 + 5,500 = சுமார் 8,450 கி.மீ.
சென்னை வழி: 420 + 8,230 = சுமார் 8,650 கி.மீ.
டெல்லி வழி: 2,085 + 6,720 = சுமார் 8,800 கி.மீ.
கொழும்பு வழி: 355 + 8,715 = சுமார் 9,070 கி.மீ.

மும்பை ஏறக்குறைய நேர்கோட்டிலேயே இருக்கிறது. இருபது கிலோமீட்டர்தான் கூடுதல். எங்களுக்கு டிக்கெட் போட்டவர் இதைத்தான் சொன்னார்: "சார், மும்பை வழிதான் சுத்தே இல்லாத வழி." கணக்கு சரிதான், அதை நம்பித்தான் நானும் பணம் கட்டினேன். 52 மணி நேரம் ஆனது அந்த வழியில். 26 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பட்டியலில் கடைசியாக, தூரம் அதிகமாக இருக்கும் கொழும்பு வழியில். எழுநூறு கிலோமீட்டர் கூடுதல் என்றாலும் விமானத்துக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விமான நிலையத்தில் ஒரு இணைப்பு தவறினால் ஒரு நாள் போய்விடும்.

இன்னொன்று, விமானம் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து லண்டன் போன நம் நாட்டு விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதனால் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடாமல், நீங்கள் போகும் நாளில் டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தைப் பாருங்கள்.

2. டிக்கெட்டில் இருக்கும் மணி அந்தந்த ஊர் மணி

காலை 5:30-க்குச் சென்னையில் கிளம்பும் விமானம் லண்டனில் பகல் 12 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தால், ஆறரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடைக்காலத்தில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். அப்படியானால் உண்மையில் 11 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்த நாலரை. மற்ற மாதங்களில் ஐந்தரை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம். என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை நேரத்தை நம் ஊர்க் கணக்கில் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரு கைக்கடிகாரத்தை மாற்றாமல் மதுரை நேரத்திலேயே விட்டுவிட்டோம்.

போகும்போது எதிர்க்காற்று. அதனால் திரும்பி வரும்போது பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை குறையும்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடுவது இப்படி. இது எங்கள் இரண்டாவது பயணத்தின் கணக்கு: வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி நேரம், அங்கே காத்திருப்பு 3, இரண்டு விமானத்திலும் பறந்தது பன்னிரண்டரை, கொழும்பில் காத்திருப்பு 6, ஹீத்ரோவில் குடிவரவு வரிசையும் பெட்டி எடுப்பதும் 2, அங்கிருந்து மகள் வீடு இருக்கும் ஈஸ்ட் ஹாம் ஒன்றரை. மொத்தம் 26. பறந்த நேரம் பாதிகூட இல்லை.

3. ஒரே டிக்கெட்டாக எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மதுரை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–லண்டன் வேறொரு டிக்கெட் என்று எங்களுக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் மிச்சம் என்று சொன்னார்கள். இரவு 8:30-க்கு மும்பையில் இறங்க வேண்டும், லண்டன் விமானம் 1:10-க்கு. நாலரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஜூன் மாதம் மதுரையில் காற்றுதான் அடிக்கும், மும்பையில் மழை கொட்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மும்பை மழையால் மதுரையிலேயே மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். இறங்கும்போது 11:20. பெட்டி வர 11:50. நாங்கள் இறங்கியது முதல் முனையம், லண்டன் விமானம் இரண்டாவது முனையத்தில். நடந்து போக முடியாது, சாலை வழியாக வண்டியில்தான் போக வேண்டும். மழையில் டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது 12:25.

கவுன்ட்டர் 12:10-க்கே மூடியாயிற்று. சாமான் போகும் பெல்ட் நின்றிருந்தது. அந்தப் பெண் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கை காட்டினார். என் மனைவி பிரசவ மருந்துச் சாமான் வைத்திருந்த துணிப்பையை மார்போடு அணைத்தபடி, "பதினஞ்சு நிமிஷம்தானேம்மா" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு மொழி தெரியாவிட்டாலும் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. தலையைத்தான் அசைத்தார்.

இரண்டு தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பல்ல. அவர்கள் கணக்கில் நீங்கள் வராமல் போனவர். அதோடு முடியவில்லை. போகும் விமானத்தில் ஏறாவிட்டால், அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பி வரும் பயணமும் பொதுவாகத் தானாக ரத்தாகிவிடும். எங்களுக்கு அதுவும் போனது. புது டிக்கெட், விடுதி, டாக்ஸி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. பதினோராயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இது.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. பெட்டியையும் மதுரையில் போட்டால் பெரும்பாலும் லண்டனில்தான் எடுப்பீர்கள்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிக்கெட் தாளில் பிஎன்ஆர் எண்ணை, அதாவது முன்பதிவு எண்ணைப் பாருங்கள். மதுரையிலிருந்து லண்டன் வரை எல்லா விமானமும் ஒரே பிஎன்ஆர் கீழ் இருக்க வேண்டும். இரண்டு தாள், இரண்டு எண் என்றால் கேள்வி கேளுங்கள். "இரண்டும் கனெக்ட் ஆகிடும் சார்" என்று சொன்னால் போதாது. "பெட்டி லண்டன் வரைக்கும் டேக் ஆகுமா, முதல் விமானம் லேட்டானால் யார் பொறுப்பு" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டில் மாறுகிறவர்களுக்குத் தனி டிக்கெட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியை எடுத்து மறுபடி போடுவதற்கு அந்த நாட்டின் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம். மதுரையிலிருந்து துபாய்க்கு மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, துபாயிலிருந்து லண்டனுக்குத் தனியாக எடுத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்ள நேரலாம். ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறுவதாக இருந்தால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் டிரான்சிட் விசா வேண்டுமா என்று அந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

4. பாஸ்போர்ட்டும் பெயரும்

திரும்பி வரும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடி இருக்கட்டும். புதுப்பிக்க மதுரையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000.

நம் ஆட்களுக்குப் பெரிய தொல்லை பெயர்தான். நமக்கு இனிஷியல் இருக்கும், குடும்பப் பெயர் இருக்காது. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் கட்டம் காலி. டிக்கெட் எடுக்கும் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. ஆளாளுக்கு ஒன்றை நிரப்புவார்கள், ஒருவர் இனிஷியலை, ஒருவர் கணவர் பெயரை, இன்னொருவர் அதே பெயரை இரண்டு முறை. ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. அவர்கள் உதவி எண்ணில் கேட்டுவிட்டு எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். டிக்கெட் வந்த அன்றே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தாமதமாகத் தாமதமாகத் திருத்துவது கடினம்.

துபாயில் இறங்கி ஊர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையாக, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும் வகையாக இருக்கும். என் மனைவியுடையது அப்படித்தான். அதற்கு "கிளியரன்ஸ்" வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் மூவாயிரம் ரூபாய் கேட்டார். கொடுக்காதீர்கள். அந்த அனுமதி வளைகுடா, மலேசியா போன்ற பட்டியலில் உள்ள நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. பிரிட்டன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

5. விசா

டிக்கெட்டுக்கு முன் விசா. ஆறு மாத விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் நிரப்பி, பணம் கட்டி, சென்னை மையத்துக்குப் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக இருந்தது, ஒருவருக்கு 14,000 ரூபாய்க்கு மேல். விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தை மறுபடி பாருங்கள். மையத்தில் குறுஞ்செய்தி, தனி அறை, கூரியர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள். அவை எதுவும் கட்டாயம் இல்லை.

ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், பென்ஷன் ஆணை, மகளின் அழைப்புக் கடிதம், அவளுடைய விசாவும் சம்பளச் சீட்டும், அவள் வீட்டு முகவரிச் சான்று. இவை போதும் என்பது எங்கள் அனுபவம். பட்டா, பத்திரம் போன்ற தமிழ் ஆவணங்களைக் கொடுத்தால், மொழிபெயர்த்தவர் பெயர், தேதி, கையெழுத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள்ளான பயணத்துக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவையில்லை. அதற்கும் பணம் கேட்கிறவர்கள் உண்டு.

6. சென்னையில் ஏறுவதாக இருந்தால்

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருப்பதால் பலர் இதைத்தான் எடுப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் மதுரையிலிருந்து அங்கே போவது உங்கள் பொறுப்பு என்றால், முந்தின நாளே போய்விடுங்கள்.

ரயிலில் போனால் எழும்பூர் வரை போகாதீர்கள், தாம்பரத்தில் இறங்குங்கள். விமான நிலையம் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்தான். பெட்டி குறைவாக இருந்தால் புறநகர் ரயிலில் திரிசூலம் போய் இறங்கலாம், நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். விடியற்காலை விமானத்துக்கு முந்தின இரவு பாண்டியனில் ஏறினால் நேரத்துக்குப் போக முடியாது. முந்தின நாள் காலை வைகைதான் சரி. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், விமான டிக்கெட் எடுத்த கையோடு அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து என்றால் மாட்டுத்தாவணியில் ஏறுவது இப்போது கிளாம்பாக்கத்தில் கொண்டுபோய் விடும். கோயம்பேடு என்று பழைய நினைப்பில் நேரம் கணக்குப் போடாதீர்கள்.

உள்நாட்டு விமானத்தில் போனால் முதலாவது அல்லது நான்காவது முனையத்தில் இறங்கி, வெளிநாட்டு விமானத்துக்கு இரண்டாவது முனையம் போக வேண்டும். மும்பை போலச் சாலையில் சுற்ற வேண்டாம், ஒரே வளாகம்தான்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை ஓடுபாதையே தண்ணீரில் மூழ்கி விமான நிலையத்தை மூடினார்கள்.

7. மூட்டை முடிச்சு

உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் பெட்டியில் அனுமதி. லண்டன் விமானத்தில் 23 கிலோ, சிலவற்றில் இரண்டு பெட்டிகூட. தனித்தனி டிக்கெட் என்றால் மதுரையில் 15 கிலோவுக்கு மேலுள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் லண்டன் வரைக்கும் ஒரே அளவு. இதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெட்டியை எடை போட, மளிகைக் கடையில் தொங்கவிடும் தராசு போதும்.

எதைக் கொண்டு போகலாம் என்பதில் அம்மாக்களுக்குத்தான் வருத்தம். பிரிட்டனுக்கு நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் இதில் வரும். கறிவேப்பிலையும் கூடாது. மல்லிகைச் சரத்தையும், தலையில் வைத்திருந்தாலும், இங்கேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். முறுக்கு, அதிரசம், மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, பிரசவ லேகியத்துக்கான உலர்ந்த மருந்துப்பொடி இவற்றை நாங்கள் மூடி முத்திரையிட்டு, மேலே ஆங்கிலத்தில் பெயர் எழுதி எடுத்துப் போனோம். ஊறுகாய் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில் மட்டும்தான். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள் கணக்கில் வரும்.

மாத்திரைகள், டாக்டர் சீட்டு, ஒரு மாற்றுத் துணி மூன்றும் கைப்பையில். மும்பையில் எங்களுக்கு அது இல்லாமல் போயிருந்தால் இன்னும் கஷ்டப்பட்டிருப்போம்.

அதிக நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எங்கே வாங்கியது என்ற கேள்வி வராது.

8. வீல்சேர்

கேட்கக் கூச்சப்படாதீர்கள். முட்டிவலி இருந்தாலே போதும். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தவறினால் 48 மணி நேரம் முன்னதாகவாவது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. மாறும் ஊரில் எந்த வாசல், எந்த வரிசை என்று தேட வேண்டாம், அவர்களே கூட்டிப் போவார்கள். முதல்முறை போகும் அப்பா அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கொழும்பில் என் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் தமிழ் பேசினான். அந்த ஆறு மணி நேரமும் அவளுக்குப் பயமே இல்லாமல் போனது.

9. இறங்கும் இடத்தில்

மகள் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு அட்டை, திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதி, விசா ஒப்புதல் கடிதத்தின் அச்சுப் பிரதி. செல்போன் சார்ஜ் தீர்ந்தால் இவைதான் பேசும். குடிவரவு அதிகாரி மூன்று கேள்விதான் கேட்டார்: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது போவீர்கள். "பேத்தியைப் பார்த்துக்கொள்ள" என்று சொல்வதைவிட "மகளையும் பேத்தியையும் பார்க்க" என்று சொல்லுங்கள். விசிட்டர் விசாவில் குழந்தை பார்க்கும் வேலைக்கு வந்தவர் என்ற சந்தேகம் வரக்கூடாது.

உங்கள் இந்திய சிம்மை அணைத்துப் போடாமல் ரோமிங்கில் வைத்திருங்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும்.

10. திரும்பும் டிக்கெட்டிலும் இதே கவனம்

போகும்போது ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு, திரும்பும்போது சென்னை வரை போதும், அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இறங்கும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு இறங்கி, தூக்கமில்லாமல் பெட்டிகளோடு அடுத்த விமானத்துக்கு ஓடுவது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கஷ்டம். அப்படி இறங்கினால் விமான நிலையத்துக்கு அருகில் ஒரு அறை எடுத்து நாலு மணி நேரம் படுத்துவிட்டு, எழும்பூரிலிருந்து மதியம் கிளம்பும் வைகையைத் தாம்பரத்தில் பிடித்து ஊர் வந்து சேருங்கள். உட்காரும் இடத்தை முன்பதிவு செய்யும்போது ஏறும் நிலையம் தாம்பரம் என்று மாற்ற மறக்க வேண்டாம்.